மைனரின் பெடல்: டிரம் பிரேக் கார்களில் காற்று எடுப்பதில் எழும் சிக்கல்கள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பிரேக் பெடல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து இறங்கினால் நம் பட்டறைகளில் முதலில் வரும் வாக்கியம், "ஏர் புடிச்சிருக்கு சார், எடுத்துட்டா சரியாயிடும்" என்பது. எடுப்பார்கள். சரியாகாது. மறுபடி எடுப்பார்கள். மூன்றாம் முறை, மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று தீர்ப்பு வரும். நான்காம் முறை, பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஆறுதல் வரும்.

அந்த முதல் வாக்கியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய காரில், பலமுறை காற்று எடுத்தும் பெடல் உயரவில்லை என்றால், காற்றைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். காற்று எடுப்பது ஒரு நோய்க்கான மருந்து. அதை எல்லா நோய்க்கும் கொடுப்பதால்தான் ஆயில் டப்பாக்கள் காலியாகின்றன, பெடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு மோரிஸ் மைனரைக் கொள்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார் இது. 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது; பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார். இந்தியாவில் 1950களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடும் மைனர்களைப் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கடைசி வரை நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே ஒரு ஆயில் சுற்று, பூஸ்டர் கிடையாது. மறைப்பதற்கு எதுவும் இல்லாத பிரேக் இது. ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்?

2. அமைப்பு

ஓட்டுநர் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே ஒவ்வொரு சக்கரத்தின் வீல் சிலிண்டருக்கும் ஒரே அளவில் போய்ச் சேருகிறது. அங்குள்ள சிறு பிஸ்டன்கள் ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதியைக் காரில் பொருத்திக் காட்டியவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். விமானத் தொழிலால் பெயர் பெற்ற அதே குடும்பத்தவர். மைனரின் பிரேக்குக்கும் லாக்ஹீட் என்றுதான் பெயர்.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. ஹோஸ் ஒன்றில் நுழைந்த ஆயில், பாலம் போன்ற ஒரு குட்டிக் குழாய் வழியே மற்றதற்குப் போகும். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு ஷூவைத் தள்ளும். முன்னோக்கி ஓடும்போது இரண்டு ஷூக்களையும் சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். மிதிப்பதைவிட அதிகமான பிடிப்பு கிடைக்கும். பின்னோக்கி உருளும்போது அந்த உதவி கிடையாது. சரிவில் ரிவர்ஸில் இறங்கும் மைனர்காரர் முகத்தில் தெரியும் பதற்றத்துக்குக் காரணம் இதுதான். அது கோளாறு அல்ல.

நம் பொருளுக்கு முக்கியமானது மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடம். மைனரில் அது பானெட்டுக்குள் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, பெட்டி போன்ற சட்டக்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. தரைவிரிப்பை விலக்கி அடைப்பை எடுத்தால்தான் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். இதனால் விளையும் தொல்லைகள் பல. ஆயில் அளவை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர் மூடியைத் திறக்கும்போது விரிப்பின் மண்ணும் சேர்ந்து உள்ளே விழுகிறது. சிலிண்டரின் பின்பக்கம் கசிந்தால் அது சட்டத்துக்குள்ளேயே ஓடி மறைகிறது. தரையில் சொட்டு விழுவதற்குள் பாதி தீர்ந்துவிடும். ஆயில் தொட்டி, சக்கரங்களில் காற்று எடுக்கத் திறக்கும் நிப்பிள்களைவிட உயரத்தில் இல்லாததால், நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஆயில் தானே இறங்கி வந்து காற்றைத் தள்ளிவிடும் என்ற சுலப வழி இங்கே செல்லாது.

அதைக் கழற்றுவதும் எளிதல்ல. சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முழுதாக உருவ முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். ஒருமுறை அந்தப் பாரை நகர்த்தி அவதிப்பட்டவர்கள் மாட்டும்போது போல்ட்டைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், அடுத்தவருக்காவது வழி விட்டு. கழற்றப்போகும் போல்ட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதிலிருந்தே முன்பு அங்கே கை வைத்தவரின் குணம் தெரிந்துவிடும்.

3. பெடல் சொல்லும் மூன்று செய்திகள்

"பெடல் சரியில்லை" என்பது ஒரு புகார் அல்ல. குறைந்தது மூன்று புகார்களின் கூட்டு. வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன், ஸ்பானரைத் தொடுவதற்கு முன், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து இவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

முதலாவது, தாழ்ந்த பெடல். கால் வெறுமையாக வெகுதூரம் இறங்குகிறது. பிறகு கல்லில் முட்டியதுபோல் நிற்கிறது. இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அடித்தால் மேலேறி வந்து, அங்கேயும் கல்லாக நிற்கிறது.

இரண்டாவது, மெத்துப் பெடல். இறங்கும் வழியெல்லாம் பந்தை மிதிப்பதுபோல் எதிர்த்து எதிர்த்து வருகிறது. அடித்து அடித்து மேலேற்றினாலும் பந்துத்தன்மை போவதில்லை.

மூன்றாவது, அமிழும் பெடல். முதலில் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகிறது. இது கசிவு. வெளியே கசிந்தால் சக்கரத்தின் உட்புறமோ சட்டமோ ஈரமாகும். எங்கும் ஈரமில்லை, தொட்டியும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னோக்கி நழுவுகிறது. இதற்குக் காற்று எடுப்பது வீண்வேலை.

குழப்பம் முதல் இரண்டுக்கும் இடையில்தான். அடித்தால் மேலே வருகிறது என்பதை வைத்தே "ஏர்தான்" என்று முடிவுகட்டுவது பட்டறை வழக்கம். அந்த முடிவு தவறு. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் திரும்பி வரும் வேகத்துக்குக் குழாயிலிருந்து ஆயில் திரும்பி வராது. அந்த நேரத்தில் பிஸ்டன் தலையில் உள்ள சிறு துளைகள் வழியாகவும் கப்பின் உதட்டைத் தாண்டியும் தொட்டி ஆயில் முன்பக்கம் நுழைந்து இடத்தை நிரப்பும். ஷூக்கள் முழுதாகப் பின்வாங்குவதற்குள் அடுத்த மிதி வந்துவிட்டால், கூடுதல் ஆயிலோடு பெடல் மேலேதான் நிற்கும். காற்று இருந்தாலும் இது நடக்கும். இடைவெளி அதிகமாக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே மேலே வந்தது செய்தியல்ல. மேலே வந்து எப்படி நிற்கிறது என்பதே செய்தி. கல்லாக நின்றால் இடைவெளி. பந்தாக நின்றால் காற்று, அல்லது காற்றைப்போல் நடிக்கும் வேறொன்று.

4. ஒரு சிறு கணக்கு

இந்த வேறுபாடு ஏன் காலுக்குத் தெரிகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை மைனரின் அளவுகள் அல்ல. அந்த வகைக் காருக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு அளவுகள்.

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்போம்; அதன் பரப்பு ஏறக்குறைய 3.8 சதுர சென்டிமீட்டர். வீல் சிலிண்டர்களில் மொத்தம் 8 பிஸ்டன்கள், ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர் விட்டம், தலைக்கு 3.14 சதுர சென்டிமீட்டர். பெடலின் நெம்பு விகிதம் 5க்கு 1. ஒவ்வொரு பிஸ்டனும் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஷூ டிரம்மைத் தொடும் என்றால், தேவைப்படும் ஆயில் சுமார் 1.26 கன சென்டிமீட்டர். மாஸ்டர் பிஸ்டன் 3.3 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடல் 16 அல்லது 17 மில்லிமீட்டர் இறங்கும். நல்ல பெடல்.

ஷூவின் லைனிங் தேய்ந்தோ, இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை யாரும் தொடாமல் விட்டோ அதே பிஸ்டன்கள் ஒன்றரை மில்லிமீட்டர் நகர வேண்டியிருந்தால் பெடல் 50 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி, 33 மில்லிமீட்டர் பெடலைத் தின்றுவிட்டது.

இப்போது இடைவெளியைப் பழையபடி அரை மில்லிமீட்டராக வைத்து, குழாய்க்குள் ஒரு கன சென்டிமீட்டர் காற்றை விடுவோம். அது சிறிய குமிழி அல்ல. நிப்பிளில் வெளிவந்தால் கண்ணாடி ஜாடியில் நன்றாகவே தெரியும். பாயில் விதிப்படி, சாதாரண வளிமண்டலத்தைப்போல் 21 மடங்கு அழுத்தத்தில் அந்தக் குமிழி 21இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் வீணாகும் ஆயில் 0.95 கன சென்டிமீட்டர். பெடலில் பன்னிரண்டரை மில்லிமீட்டர். இடைவெளி தின்றதில் பாதிகூட இல்லை.

காற்று சுருங்கும் விதமும் கவனிக்கத்தக்கது. அழுத்தம் 5 மடங்கானபோதே குமிழியில் ஐந்தில் நான்கு பங்கு சுருங்கி முடிந்துவிடுகிறது. அதன்பின் மிச்சமுள்ளது மெதுவாகச் சுருங்குகிறது. ஆக, கால் முதலில் மென்மையையும் போகப்போகக் கடினத்தையும் உணரும். அதுதான் பந்து. இடைவெளி அப்படியல்ல: ஷூ தொடும்வரை எதிர்ப்பே இல்லை, தொட்டவுடன் முழு எதிர்ப்பு. அதுதான் கல். இந்த ஒரு வேறுபாட்டை உணரும் கால் இருந்தால் பாதி ஆய்வு முடிந்தது.

5. காற்றைப்போல் நடிப்பவை

மெத்துப் பெடல் எல்லாமே காற்று என்றும் சொல்லிவிட முடியாது. என் கணிப்பில் அதிகம் ஏமாற்றுவது புது லைனிங். டிரம் தேய்ந்து கோடு விழுந்தால் லேத்தில் கடைந்து வழவழப்பாக்குகிறோம். உள்விட்டம் கூடுகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் ஷூ பழைய விட்டத்துக்கு வளைந்தது. விளைவு, லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு டிரம்மைத் தொடும். இரு முனைகளும் அந்தரத்தில் நிற்கும். மிதிக்கும்போது ஷூ வில்லாக வளைந்து முனைகளும் தொட முயலும். வில் வளைவதைக் காலுக்குப் பந்து என்றுதான் சொல்லத் தெரியும். எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் இது தீராது.

கண்டுபிடிக்க வழி உண்டு. டிரம்மின் உட்சுவரில் சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பெடலை லேசாகத் தொட்டு, மறுபடி கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் வெள்ளை படிந்த இடம்தான் வேலை செய்யும் இடம். மேடு தட்டும் பகுதியை ராவி, வெள்ளை பரவலாகப் படியும்வரை கொண்டுவர வேண்டும். ராவும்போது ஒரு கவனம்: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசி கிளப்பும் நம் பட்டறைப் பழக்கம் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தவர் ரப்பர் ஹோஸ். பல வருடம் வெயிலில் வெந்த ஹோஸ் மிதிக்கும்போது ஊதிப் பருக்கும். ஒருவர் மிதிக்க, ஒருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் தெரியும். உள்சுவர் உரிந்து நாக்குபோல் தொங்கினால் இன்னொரு விளையாட்டும் நடக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும்.

ஹேண்ட் பிரேக் கேபிளை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவது மூன்றாவது ஏமாற்று. கேபிள் பின் ஷூக்களை அவற்றின் இருப்பிடத்திலிருந்து சற்றே தூக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். பின்னர் கேபிள் தளர்ந்ததும் பெடல் மறுபடி இறங்கும். முதலில் கேபிளைத் தளர்த்தி, ஷூவைச் சரிசெய்து, கடைசியில்தான் கேபிளை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை வீண்.

6. இரண்டு சோதனைகள்

இத்தனையையும் பிரித்தறிய இரண்டு எளிய சோதனைகள் போதும்.

முதல் சோதனைக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். நான்கு சக்கரங்களையும் ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை), டிரம்மின் துளை வழியே ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் சக்கரம் சுற்ற முடியாதபடி முழுதாக இறுக்கிவிடுங்கள். இப்போது இடைவெளி பூஜ்யம். பெடலை மிதியுங்கள். உயரத்தில் கல்லாக நின்றால், வண்டியில் காற்றே இல்லை. இதுவரை எடுத்ததெல்லாம் வீண். அட்ஜஸ்டரைச் சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். இறுக்கிய பிறகும் பந்தாக இருந்தால் காற்றோ ஹோஸோ வில்லாக வளையும் ஷூவோ மிச்சம். முன்சக்கரத்தில் இரண்டு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர் உண்டு என்பதை மறந்து ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு வருபவர்கள் நிறைய.

இரண்டாம் சோதனை ஹோஸைக் கட்டுவது. மைனரில் ஹோஸ்கள் மூன்றே: முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. இதற்கென்றே உருண்ட விளிம்புள்ள கிளாம்ப் கிடைக்கிறது. அதை வைத்து மூன்றையும் நசுக்கி அடையுங்கள். பல்லுள்ள பிளையரால் கடித்தால் ஹோஸ் போய்விடும். வெடித்து முற்றிய ஹோஸில் கிளாம்ப்பும் கூடாது. மூன்றும் அடைபட்ட நிலையில் பெடல் கல்லாக உயர்ந்து நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. பாரைத் தாண்டி போல்ட்டு உருவும் பாவம் உங்களுக்கு வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே மிதியுங்கள். எதைத் திறந்தவுடன் பெடல் பொத்தென்று இறங்குகிறதோ, அங்கேதான் வேலை.

7. உண்மையிலேயே காற்று என்றால்

காற்று தானாக முளைப்பதில்லை. யாராவது குழாயைக் கழற்றியிருக்க வேண்டும், தொட்டி வற்றியிருக்க வேண்டும், அல்லது வீல் சிலிண்டர் கப் தளர்ந்து காற்றை உறிஞ்சியிருக்க வேண்டும். கடைசி வகை நுட்பமானது. டிரம் பிரேக் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறு வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டர் கப்பின் உதட்டைச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட் மாற்றும்போது இந்த வால்வை வைக்க மறந்தாலோ திருப்பி வைத்தாலோ, பெடலைச் சட்டென விடும் ஒவ்வொரு முறையும் கப்பின் ஓரமாகக் காற்று நுழைய வழியாகும். காலையில் எடுத்த காற்று மாலையில் மறுபடி இருந்தால் சந்தேகிக்க வேண்டியது இதையும், வீல் சிலிண்டரின் தூசி மறைப்பு ரப்பருக்குப் பின்னால் இருக்கும் ஈரத்தையும்.

காற்று தங்கும் இடம் எப்போதும் மேடு. ஆகவே நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் இரண்டு சிலிண்டர்கள் இருப்பதால், மாட்டும்போது இடம் மாறி நிப்பிள் உள்ளது கீழே போய்விட்டால், மேல் சிலிண்டரின் காற்று உலகம் உள்ளவரை வெளியே வராது.

எடுக்கும் முறையை எல்லோரும் அறிவர். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலது ஸ்டியரிங் மைனரில் அது இடது பின்சக்கரம். நிப்பிளில் டியூப் மாட்டி, அதன் மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் அமிழ்த்தி, ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்து மூட வேண்டும். மிதியின் நடை முக்கியம்: சுறுசுறுப்பாக அழுத்தி, பெடலைத் தானே திரும்பவிட்டு, அடுத்த மிதிக்கு முன் சற்று நிற்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் தொட்டி ஆயில் முன்பக்கம் வந்து நிரம்புகிறது. தடதடவென்று அடித்தால் காற்று நுரையாக உடைந்து எங்கும் பரவும்.

பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு, அது பேச்சு. காருக்குக் கீழே இருக்கும் பையன் "அமுக்குண்ணே" என்கிறான். மேலே அமுக்குகிறார். நிப்பிளைத் திறக்கிறான், பெடல் இறங்குகிறது. அவன் மூடி முடித்து "விடுண்ணே" என்பதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று அதே வழியில் உள்ளே போய்விடும். இருவரும் நாள் முழுக்க அதே குமிழியை வெளியே விட்டு உள்ளே அழைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே இருப்பவர் ஒவ்வொரு முறையும் "கீழ போச்சு" என்று சொல்ல வேண்டும், "மூடியாச்சு" என்ற பதில் கேட்ட பிறகே காலை எடுக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்தால் அரை நாள் மிச்சம்.

உறிஞ்சும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொய்க்குமிழி உண்டு. திறந்த நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்று டியூப்புக்குள் வரும். குமிழி நிற்கவே நிற்காது. மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் பூசினால் அது நிற்கும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை அழுத்தாதீர்கள். பல வருடங்களாக பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வந்திருக்கும். அதற்கப்பால் உள்ள சுவரில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். முழு மிதியில் கப்பின் உதடு அந்தத் துருவில் உரசிக் கிழியும். காற்று எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துவிட்டு, "அப்பவே சொன்னேன், மாஸ்டர்தான்" என்பதும் நடக்கிறது. பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்தால் இந்த விபத்து இல்லை.

8. ஆயிலும் ரப்பரும்

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல; கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140க்கு இறங்குகிறது. டாட் 4க்கு இவை 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் வீல் சிலிண்டருக்குள் நீர் ஆவியாகும். ஆவியும் காற்றைப்போலவே நசுங்கும். பெடல் தரைக்குப் போகும். அடிவாரத்தில் ஆறியதும் ஆவி மறுபடி நீராகிப் பெடல் திரும்பிவிடும். மறுநாள் பட்டறையில் நிப்பிளைத் திறந்தால் ஒரு குமிழிகூட வராது. "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும். பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு நோய். லைனிங் சூடேறிப் பிடிப்பு இழந்தது.

சிலிகான் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டையும் தின்னாது. ஆனால் ஊற்றும்போதே நுண்குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குலுக்கிய டப்பாவை அப்படியே ஊற்றினால் மெத்துப் பெடல் நிச்சயம். கிளைக்கால் ஆயிலோடு அதைக் கலக்கவும் கூடாது.

ரப்பருக்கு எமன் மண்ணெண்ணெய். நம் பட்டறைகளில் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவுவது அனிச்சைச் செயல். வீல் சிலிண்டரை அப்படிக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு புதுக் கப்பை மாட்டினால் இரண்டு நாள் பெடல் அருமையாக இருக்கும். பிறகு கப் ஊதும். மாஸ்டர் சிலிண்டரில் ஊதிய கப், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளையை மூடிவிடும். ஓட ஓடச் சூடேறி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. நான்கு சக்கரமும் தானாகப் பிடிக்கும். அப்போது ஒரு நிப்பிளைத் திறந்தால் ஆயில் பீய்ச்சி, சக்கரங்கள் விடுபடும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு வெற்று அசைவு இல்லாமல் தள்ளுதண்டை இறுக்கி வைத்தாலும் இதே விளைவுதான். முதலில் அந்த அசைவைப் பார்த்துவிட்டுக் கப்பைக் குறை சொல்லுங்கள். கழுவுவதற்குப் பிரேக் ஆயிலோ மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோ போதும்.

9. ஒரு வண்டியின் வரலாறு

என்னிடம் இருப்பது 1959 மாடல், 948 சிசி. ஒரு பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் லைனிங் ஒட்டி, முன் வீல் சிலிண்டர்களை மாற்றி, டிரம்களைக் கடைந்து தந்தார்கள். பெடல் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியது. நான்கு முறை காற்று எடுத்தார்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு விலை சொன்னார்கள். நான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அட்ஜஸ்டர்களை முழுதாக இறுக்கினேன். பெடல் நன்றாக உயர்ந்தது, ஆனால் பந்து போகவில்லை. இங்கே நான் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; உயர்ந்ததைக் கண்டு இடைவெளிதான் என்று முடிவு செய்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்து, அதே இடத்துக்குத் திரும்பினேன். என் சொந்த வாதத்துக்கே அடிமையாகி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். அடுத்த வாரம் கிளாம்ப் வாங்கிவந்து மூன்று ஹோஸையும் அடைத்தேன், கல். மாஸ்டர் சிலிண்டர் விடுதலை. பின் ஹோஸைத் திறந்தேன், மாற்றமில்லை. முன் இடது திறந்ததும் பெடல் கணிசமாக இறங்கியது. முன் வலது திறந்ததும் மெத்தென்றானது.

இரண்டு நோய்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. இடது டிரம்மில் சாக்பீஸ் சோதனை செய்தபோது வெள்ளை படிந்தது லைனிங்கின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும். வலப்பக்கம் டிரம்மைக் கழற்றத் தேவையே இருக்கவில்லை. பின்னால் குனிந்து பார்த்தாலே தெரிந்தது, நிப்பிள் கீழ்ச் சிலிண்டரில் இருந்தது. நான்கு முறையும் அந்தச் சக்கரத்தில் ஆயில் மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். சிலிண்டர்களை இடம் மாற்றி மாட்டி, இடது லைனிங்கை ராவி, அட்ஜஸ்ட் செய்து, கடைசியாக ஒரே ஒருமுறை காற்று எடுத்தேன். வலது முன்சக்கரத்தில் மட்டும் ஜாடி கொப்பளித்தது. மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை.

இப்போது பெடல் மூன்றில் ஒரு பங்கு இறங்கி நின்றுவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான். அதன் போல்ட்டுகள் இன்னும் டார்ஷன் பாரைப் பார்த்தபடியே இருக்கின்றன. ஆயில் மாற்றி ஒரு வருடம் பத்து மாதம் ஆகிறது. இரண்டு மாதத்தில் மறுபடி நிப்பிள்களைத் திறக்க வேண்டும்.